குருதி உறைதல் காரணிகள் தலையில் நிற்குதில்லை, பாடமாக்க வழி சொல்லுங்கோ

இரணைமடு_பொடியன்:
மெடிசின் இரண்டாம் வருடம். ஸ்டடி லீவுக்குக் கிளிநொச்சி வீட்டுக்கு வந்திருக்கிறேன். காரணிகளை (குருதி உறைய ஒன்றையொன்று தூண்டும், எண்ணிட்ட பொருட்கள்; தூண்டும் ஒழுங்கு எண் ஒழுங்கு அல்ல) காலையில் ஒப்புவித்தால் சரியாக வருகிறது, பின்னேரம் 8உம் 9உம் இடம் மாறிவிடுகின்றன. போன வைவாவில் (வாய்மொழிப் பரீட்சை) "7க்குப் பிறகு 8" என்று சொல்லி நல்ல பேச்சு வாங்கினேன். ஏ.எல். வரை தமிழில் படித்தவன். சீனியர்கள் தந்த ஆங்கில நினைவு வாக்கியங்களைப் பாடமாக்க இன்னொரு நினைவு வாக்கியம் தேவைப்படுகிறது. உங்களுக்கு எப்படி நின்றது?

சில்லறை:
பொதுப் பாதைக்கு, அதாவது உட்பாதையும் வெளிப்பாதையும் சேர்ந்த பிறகு வரும் பகுதிக்கு, பொக்கற்றில் கை விடு தம்பி. 10, 5, 2, 1. நாலும் எங்கள் குற்றிக் காசுகள், பெரிசிலிருந்து சின்னனுக்கு. விற்றமின் கே வேண்டிய காரணிகள் 10, 9, 7, 2. பூச்சியத்தை விழுங்கிவிட்டு வாசித்தால் 1972, இலங்கை குடியரசான வருடம். 6ஐத் தேடாதே. அது 5இன் செயற்படும் வடிவம்தான் என்று தெரிந்ததும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஓமந்தை_அக்கா:
நான் ஏ9 வீதியில்தான் பாடமாக்கினேன். வவுனியா 12, ஓமந்தை 11, புளியங்குளம் 9, கனகராயன்குளம் 8, மாங்குளம் சந்தி 10. இது உட்பாதை, நீளமானது. வெளிப்பாதை கட்டை: முல்லைத்தீவில் திசுக்காரணி (3), ஒட்டுசுட்டானில் 7, நேரே மாங்குளம். சந்தி தாண்டினால் எல்லோருக்கும் ஒரே றோட்டு. முறிகண்டி 5, கிளிநொச்சி 2 (புரோத்துரொம்பின்), பரந்தன் 1 (பைபிரினோஜன், கட்டியின் பைபிரின் இழையாக மாறுவது).

5ஐ ஏன் முறிகண்டியில் வைத்தேன் தெரியுமா? 5 நொதி அல்ல, 10க்குத் துணை. பிள்ளையாரடியில் நின்று கும்பிடாமல் எந்த பஸ் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது? 8உம் அப்படித்தான், 9க்குத் துணை.

பரிசோதனைகளுக்கு என்னிடம் உள்ளது கொஞ்சம் கெட்ட வழி. பி.டி. (வெளிப்பாதையால் குருதி உறைய எடுக்கும் நேரம்) என்பதைப் பீடி என்று வாசி. பீடி கட்டை, பாதையும் கட்டை: 7. ஏறத்தாழ 12 செக்கனில் முடியும். ஏ.பி.டி.டி. நீளப் பாதைக்கு, 30 செக்கன் அளவில். வைவாவில் பீடி என்று சொல்லிவிடாதே.

இரணைமடு_பொடியன்:
அக்கா, நேற்று முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "கண்டக்டர் வேலைக்கோ படிக்கிறாய்?" என்று அம்மா கேட்கிறா. ஆனால் ஒரு சந்தேகம். 12 குறைந்தவருக்கு ஏ.பி.டி.டி. நீளுமாம், குருதிப்பெருக்கு மட்டும் வராதாம். தொடக்கமே இல்லாமல் பஸ் எப்படி ஓடும்?

வார்ட்_அண்ணா:
நல்ல கேள்வி. ஏனென்றால் உடலில் பஸ் வவுனியாவிலிருந்து வெளிக்கிடுவதில்லை, முல்லைத்தீவிலிருந்துதான். காயம்பட்டதும் திசுக்காரணியும் 7உம் சேர்ந்து 10ஐ மட்டுமல்ல, 9ஐயும் தூண்டும். அக்காவின் வரைபடத்தில் அதற்கும் வழி இருக்கிறது: ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணியால் புளியங்குளம். அதனால்தான் 8 அல்லது 9 இல்லாத ஹீமோபிலியா பிள்ளைக்கு மூட்டுக்குள் குருதி கசிகிறது, 12 இல்லாதவர் பேசாமல் நடமாடுகிறார்.

12க்கு வேலை கண்ணாடியில். பெரும்போக அறுவடைக் காலத்தில் வார்டுக்கு வந்து பார். வரம்பில் புடையன், அதுதான் கண்ணாடி விரியன், கடித்து ஆட்கள் வருவார்கள். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் குருதி எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரேயொரு தரம் சரித்துப் பார்ப்போம். கட்டியாகாமல் ஓடினால் உறைதல் குழம்பிவிட்டது. பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் முடிவை நம்பேலாது, சவர்க்காரத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் அப்படித்தான். 12ஐ எழுப்புவது கண்ணாடியின் மேற்பரப்பு.

புடையன் விஷம் மாங்குளத்திலும் முறிகண்டியிலும் ஏறுகிறது: 10, 5 இரண்டையும் நேரே தூண்டும். சுருட்டை விரியன் கிளிநொச்சியில், 2ஐ. உடம்பெங்கும் உறைதல் தூண்டப்பட்டு, கடைசியில் பரந்தனில் பைபிரினோஜன் தீர்ந்துவிடும். உறையவைக்கும் விஷத்தால் குருதி உறையாமல் போவது இப்படித்தான். முதல் நோயாளியைப் பார்த்த பிறகு எனக்கு 10, 5, 2, 1 மறக்கவில்லை.

இரணைமடு_பொடியன்:
எங்கட பெரியப்பாவுக்கும் வயலில் கடித்தது. குழாயைச் சரித்துப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, ஏன் என்று இன்றைக்குத்தான் விளங்கியது. நன்றி அண்ணா. அப்ப 4உம் 13உம் எங்கே?

ஓமந்தை_அக்கா:
4 கல்சியம். அதை டீசல் என்று வை. குருதி எடுக்கும் நீல மூடிக் குழாயில் இருக்கும் சிற்றேற் அந்த டீசலைத்தான் பிடித்து வைக்கிறது, ஆய்வுகூடத்தில் திரும்பக் கல்சியம் விட்டால்தான் பஸ் வெளிக்கிடும். 13 ஆனையிறவு, பரந்தனுக்கு அடுத்தது. பைபிரின் இழைகளைக் குறுக்கே பிணைத்து இறுக்கும். பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டும் பரந்தனோடு நின்றுவிடும், 13 குறைந்தாலும் அவற்றில் தெரியாது. இதை வைவாவில் கேட்பார்கள்.