பிராகில் மூன்று நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: கயல்_வி
வணக்கம். அக்டோபர்ல வியன்னாவிலிருந்து ரயில்ல பிராக் போறோம். வெள்ளி மதியம் இறங்கி, திங்கள் மதியம் கிளம்பணும். அப்பாவுக்கு 62 வயசு, முழங்கால் வலி உண்டு. அம்மா சுத்த சைவம், முட்டையும் சேர்க்க மாட்டாங்க. டூர்காரங்க கொடுத்த பட்டியல்ல ஒரு நாளைக்கு ஒன்பது இடம் இருக்கு. அப்படி ஓடி ஓடிப் போட்டோ எடுக்க விருப்பமில்லை. ஊரைக் கொஞ்சமாவது புரிஞ்சுக்கிட்டு வரணும். எந்த நாள் எந்தப் பக்கம்? பணம், டிக்கெட் விஷயத்துல எதில் கவனமா இருக்கணும்?

பதில் 1: வல்தாவா_கரை
உங்க கிழமைகளை வச்சே திட்டத்தைப் போட்டுடலாம். யோசெஃபோவ் யூதர் பகுதியில இருக்கிற அருங்காட்சியகமும் பழைய கல்லறையும் சனிக்கிழமை மூடியிருக்கும். பிராக் கோட்டைக்குள்ள இருக்கிற புனித விட்டஸ் பேராலயத்தில ஞாயிறு காலை வழிபாடு, மதியம் வரைக்கும் பார்வையாளர்களை விட மாட்டாங்க. அதனால சனி கோட்டை, ஞாயிறு யோசெஃபோவ். இதை மாத்திப் போட்டா ரெண்டு நாளும் பூட்டின கதவைத்தான் பார்ப்பீங்க. அக்டோபர்ல யூதப் பண்டிகை வந்தாலும் மூடுவாங்க, தேதியை முன்கூட்டியே பாருங்க.

கோட்டைக்கு 22-ஆம் எண் டிராம். எல்லாரும் 'பிராஷ்ஸ்கி ஹ்ராட்' நிறுத்தத்தில இறங்குவாங்க. நீங்க இன்னும் ரெண்டு நிறுத்தம் தள்ளி 'பொஹோர்ஷெலெட்ஸ்'ல இறங்குங்க. அங்கிருந்து கோட்டை வாசல் வரைக்கும் லேசான இறக்கம்தான். திரும்பும்போது பழைய கோட்டைப் படிக்கட்டு வழியா அப்பாவைக் கூட்டிட்டுப் போகாதீங்க. முழங்காலுக்கு ஏறுறதைவிட இறங்குறதுதான் வேதனை. இரண்டாம் முற்றத்திலிருந்து வடக்கு வாசல் வழியா வெளியே வந்தா 'பிராஷ்ஸ்கி ஹ்ராட்' நிறுத்தம் பக்கம்தான், அங்கேயே டிராம் ஏறிடலாம்.

பேராலயத்தை 1344-ல தொடங்கி 1929-லதான் முடிச்சாங்க. கிழக்குப் பாதி 14-ஆம் நூற்றாண்டு வேலை, மேற்கு முகப்பும் அதன் இரட்டைக் கோபுரமும் ரொம்பப் பிந்தினவை. வெளியே தெற்குப் பக்கம் நின்னு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. உள்ளே இடப்பக்கம் அல்ஃபோன்ஸ் முகா வரைந்த கண்ணாடி ஜன்னல் இருக்கு. பழைய அரண்மனையையும் விடாதீங்க. 1618-ல அரசரின் ஆளுநர்களை ஜன்னல் வழியா வெளியே தூக்கி எறிஞ்சது அங்கேதான், முப்பதாண்டுப் போர் அதிலிருந்துதான் மூண்டது. சனிக்கிழமைக்கு இது போதும்.

பதில் 2: தண்டவாளம்
டிக்கெட் பத்தி: பிராக் மெட்ரோவில தடுப்புக் கதவே கிடையாது. அதனால டிக்கெட் கையில இருந்தா போதும்னு பலர் நேரா உள்ளே போயிடறாங்க. காகித டிக்கெட்டை மஞ்சள் பெட்டியில செருகி நேரம் அச்சடிச்சாதான் செல்லும். மெட்ரோவில எஸ்கலேட்டருக்கு முன்னாடியும், டிராமுக்கு உள்ளேயும் அந்தப் பெட்டி இருக்கும். அச்சு இல்லாத டிக்கெட் பரிசோதகருக்கு வெறும் காகிதம், அபராதம் கட்டணும். டிராமுக்குள்ள கார்டைத் தட்டி வாங்குற டிக்கெட்டில நேரம் ஏற்கெனவே இருக்கும். 72 மணி நேர டிக்கெட் எடுத்தா முதல் பயணத்தில மட்டும் அச்சடிங்க.

பணம்: செக் நாட்டில கொருனாதான், யூரோ இல்லை. பெரும்பாலான கடைகள்ல கார்டு எடுத்துப்பாங்க. கார்டு மெஷினோ ஏடிஎம்மோ 'உங்க நாட்டுப் பணத்துல கணக்கிடவா?'ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லி, கொருனாவையே தேர்ந்தெடுங்க. சம்மதிச்சா அவங்க வைக்கிறதுதான் விகிதம். பணம் மாத்துற கடையில 'கமிஷன் இல்லை'ங்கிற போர்டை நம்ப வேண்டாம். இவ்வளவு யூரோ கொடுத்தா கைக்கு எத்தனை கொருனா வரும்னு கேட்டுட்டுத்தான் நோட்டை நீட்டணும். மோசமான விகிதத்தில மாத்திட்டாலும், 1,000 யூரோ மதிப்புக்குள்ள இருந்தா மூணு மணி நேரத்துக்குள்ள ரத்து செய்ய 2019 முதல் சட்டம் இருக்கு. ரசீதை மட்டும் தொலைச்சுடாதீங்க.

பதில் 3: நாழிகை
வெள்ளி மாலை பழைய நகரச் சதுக்கத்துக்குப் போவீங்க. வானியல் கடிகாரம் 1410-ல உருவானது. மணிக்கு ஒருதரம் மேலே ரெண்டு ஜன்னல் திறந்து அப்போஸ்தலர் பொம்மைகள் சுத்தி வரும், கண் இமைக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். ஜேப்படிக்காரங்களுக்குத் தோதான நேரமும் அதுதான், எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிற்பாங்க. கூட்டம் கலைஞ்சதும் போய் நிதானமா முகப்பைப் படிங்க.

வெளி வளையத்தில கறுப்புப் பின்னணியில தங்க நிறப் பழைய எழுத்துல 1 முதல் 24 வரை இருக்கும். அது பழைய செக் நேரம், சூரிய அஸ்தமனத்திலிருந்து எண்ணுறது. பருவத்துக்குப் பருவம் அஸ்தமன நேரம் மாறுமே, அதற்கேற்ப அந்த வளையமும் நகரும். தங்கக் கை 20-ஐக் காட்டினா, பொழுது சாய இன்னும் நாலு மணி நேரம்னு அர்த்தம். பாதி கறுப்பு, பாதி வெள்ளியா இருக்கிற உருண்டை, நிலாவோட பிறையைக் காட்டும். இதைப் படிக்க அம்மா அப்பாவுக்குச் சொல்லிக் கொடுங்க. அன்னைக்கு வேற இடம் பார்க்காட்டியும் குறை இல்லை.

ஞாயிறு யோசெஃபோவ்ல பின்காஸ் தொழுகைக்கூடத்துக்கே முதல்ல போங்க. நாஜிகள் கொன்ற சுமார் 78,000 பொஹீமிய, மொராவிய யூதர்களோட பெயர்கள் சுவர் முழுக்கக் கையால எழுதியிருக்கு. பக்கத்துக் கல்லறையில 1787 வரைக்கும் புதைச்சாங்க. இடம் போதாம மண்ணைக் கொட்டி ஒன்று மேல ஒன்றா அடக்கம் செஞ்சதால நடுகற்கள் நெருக்கியடிச்சுச் சாய்ஞ்சு நிற்கும். அங்கே பேச்சைக் குறைச்சுக்கணும், ஆண்கள் தலையை மூடிக்கணும்.

பதில் 4: அடுப்படி
அம்மாவுக்காக: 'வெஜிடேரியன்'னு போர்டு போட்ட இடம் போதாது, பால், முட்டை எதுவுமே சேர்க்காத 'வேகன்' கடை தேடுங்க, பிராக்ல நிறையவே இருக்கு. சைவம்னு சிபாரிசு பண்ற வறுத்த சீஸ்ல முட்டை மாவு உண்டு. க்னெட்லிக்கிங்கிற வேகவச்ச மாவு உருண்டையிலயும் பெரும்பாலும் முட்டை இருக்கும். பூண்டு சூப்பை இறைச்சிச் சாறுல செய்யறது வழக்கம். 'பெஸ் மஸா, பெஸ் வயெட்ஸ்', அதாவது இறைச்சி, முட்டை இல்லாமன்னு செக் மொழியில எழுதி போன்ல வச்சுக் காட்டுங்க. கேட்காமலே மேசையில வைக்கிற ரொட்டிக்கும் சில இடத்தில பில் வரும். வேண்டாம்னா உடனே சொல்லிடுங்க.

கயல்_வி
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சார்லஸ் பாலம் எப்போ போகலாம்? திங்கள் காலையில பக்கத்து ஊர் குட்னா ஹோரா போயிட்டு வர முடியுமா?

வல்தாவா_கரை
பாலத்துக்கு ஞாயிறு விடியும்போது போங்க, பத்து மணிக்கு மேல சிலை முகம் பார்க்கவே இடம் இருக்காது. கோபுரம் ஏற வேண்டாம், படிகள் அதிகம்.

குட்னா ஹோராவுக்குப் போக மட்டுமே ஏறக்குறைய ஒரு மணி நேரம், திங்கள் அரை நாளுக்கு அது சரிவராது. பெட்டியை முக்கிய ரயில் நிலையத்தில இருக்கிற பொருள் வைப்பறையில போட்டுட்டு, அங்கேயே மெட்ரோ 'சி' பிடிச்சா மூணாவது நிறுத்தம் விஷெஹ்ராட், அது இன்னொரு பழைய கோட்டை. நிலையத்திலிருந்து நடை சமதரை. பாலத்தில நீங்க பார்க்கிற சிலைகள் பலவும் நகல், அசல் சில இங்கே கோட்டைச் சுவருக்குள்ள கோர்லிட்ஸே மண்டபத்தில இருக்கு. மேலே இடுகாட்டில இசையமைப்பாளர்கள் த்வோர்ஷாக், ஸ்மெதனா, பேராலயக் கண்ணாடி வரைந்த முகா எல்லாரும் இருக்காங்க. ரயிலுக்கு ஒண்ணரை மணி நேரம் முன்னாடி அங்கிருந்து கிளம்பினா அவசரமே இருக்காது.