மன்னாரில் இருந்து திருகோணமலைக்கு வருகிறோம்: கோணேசர் கோயில், நிலாவெளி தவிர வேறு எங்கே போகலாம்?

முத்துச்சிலாபம்:
ஓகஸ்ட் லீவில் இரண்டு நாள் வருகிறோம். நான், மனைவி, 12 வயது மகன், 8 வயது மகள், அப்பா. போன இரண்டு தடவையும் கோணேசர் கோயில், கோட்டைக்குள் மான், கன்னியா வெந்நீர்க் கிணறு, நிலாவெளியில் குளிப்பு என்று எல்லோரும் போகிற இடங்களையே பார்த்துவிட்டுத் திரும்பினோம். இந்தமுறை கொஞ்சம் கிராமப் பக்கமாக, கடலும் இருக்க வேண்டும், பழைய கதை ஒன்றும் இருக்க வேண்டும். மகன் சரித்திரம் என்றால் சாப்பாட்டையும் மறந்துவிடுவான். அப்பாவுக்கு முழங்கால் வருத்தம், படி ஏற மாட்டார். சொந்த வான் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரைவலை:
தம்பி, ஒரு நாளை மூதூருக்கு ஒதுக்குங்கள். நான் பிறந்த இடம் என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் மகனுக்கு ஏற்ற கதை அங்கேதான் இருக்கிறது, அதன் கடைசிப் பகுதி உங்கள் மன்னாரில் இருக்கிறது.

1659இல் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், பாய்மரம் திருத்துவதற்காக மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவுக்கு வந்து நின்றது. கப்பல் தலைவர் ரொபர்ட் நொக்ஸ். கூட வந்த மகனுக்கும் அதே பெயர். 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் தலைவரைக் கரையில் ஒரு புளியமரத்தடியில் வைத்துப் பிடித்தார்கள். அப்புறம் மகனைக் கப்பலுக்குத் தூது அனுப்பினார்கள். கப்பலைக் கொண்டுபோய்விடுங்கள் என்று தகப்பன் மறைவாகச் சொல்லிவிட்டதை அவன் போய்ச் சொன்னான். அப்படியே கப்பலோடு தப்பிப் போயிருக்கலாம், ஆனால் திரும்பி வருவதாகத் தகப்பனுக்குக் கொடுத்த வாக்குக்காகக் கரைக்கு வந்து தானும் கைதியானான். தகப்பன் 1661இல் காய்ச்சலில் இறந்துவிட்டார். மகன் 1679 வரை கண்டி நாட்டுக்குள் அடைபட்டுக் கிடந்து, கடைசியில் ஒரு தோழனோடு அருவியாற்றங்கரையைப் பிடித்துக் காட்டு வழியே நடந்து ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? உங்கள் அரிப்புக் கோட்டை!

மூதூரில் அந்த மரம் நின்ற இடத்தில் 1893இல் நட்ட நினைவுக்கல் இருக்கிறது. மரம் இப்போது இல்லை. கல்லில் ‘கப்பல் தலைவர் நொக்ஸ் பிடிபட்டார், நொக்ஸ் 19 வருடம் கைதியாக இருந்தார்’ என்ற மாதிரி ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். தலைவர் தகப்பன், 19 வருடம் இருந்தவன் மகன். கல் இரண்டு பேரையும் ஒருவராக்கிவிட்டது. மகனிடம் முதலில் சொல்லாதீர்கள், அவனே வாசித்துக் கண்டுபிடிக்கட்டும்.

உப்பாறு:
கரைவலை அண்ணா சொன்னது சரி. போகிற வழியையும் அவசரமாகக் கடக்க வேண்டாம். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டினதும் ஓரமாக நிறுத்தித் தண்ணீரைப் பாருங்கள், ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மற்றப் பக்கம் கொட்டியாரக் குடா. 2009இல் இந்தப் பாலம் திறக்கும் வரைக்கும் இங்கே பாதையில்தான் (வாகனம் ஏற்றுகிற மிதவையைத்தான் அப்படிச் சொல்வோம்) வாகனத்தை ஏற்றிக் கடக்க வேண்டும். அதோடு முடியாது, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று அடுத்தடுத்துத் துறைகள். உம்மாவைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஒரு இரவில் பாதை மறுகரையில் நின்றது, நாங்கள் இந்தக் கரையில் லாம்பைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே நின்றோம். அதனால் இந்தப் பாலங்களை நான் இன்றைக்கும் சும்மா கடப்பதில்லை.

வெயில் கடுமையாக இருக்கும், ஓகஸ்டில் கச்சான் காற்று அனலாக அடிக்கும். காலை ஆறரைக்குள் புறப்படுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் எங்கள் பக்கத்து எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கிச் சீனி போட்டுச் சாப்பிட்டால் அப்பா முழங்கால் வலியையே மறந்துவிடுவார்.

கோட்டைவாசல்:
ஒரு சின்ன விஷயம். கோட்டைக்குள் மான் பார்த்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள், வாசலில் நின்று பார்த்தீர்களா? 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, 1624இல் அந்தக் கல்லையே கொண்டு கோட்டை கட்டினார்கள். வாசல் தூணில் தமிழ் எழுத்தும் மீன் உருவமும் இன்றைக்கும் தெரியும். எல்லோரும் வாகனத்தில் உள்ளே ஓடிவிடுகிறார்கள். படி ஏற வேலையில்லை, அப்பாவும் இறங்கிப் பார்க்கலாம்.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாத்தீவுக்கும் போவதானால் காலையில் போங்கள். 2003 முதல் அது தேசியப் பூங்கா. முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) மட்டும் காலை வைக்க விடாதீர்கள், உயிருள்ளது அது, மிதித்தால் செத்துப்போகும். கரையில் கிடக்கிற துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

முத்துச்சிலாபம்:
எல்லோருக்கும் நன்றி. அரிப்பு எங்கள் வீட்டில் இருந்து ஒரு ஓட்டம்தான், அந்த இடிந்த சுவரில் ஏறி விளையாடித்தான் நான் வளர்ந்தேன், இப்படி ஒரு கதை இருப்பது இந்த வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பையன் ஏன் திரும்பி வந்தான் என்று ராத்திரி முழுக்க அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். மூதூரில் இருந்து வெருகல் முருகனையும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் நேரம் போதுமா?

கரைவலை:
போதும், ஆனால் இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுங்கள், அந்த றோட்டில் பின்னேரம் யானை இறங்கும். கோயில் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது, அழகான இடம். ஆற்றில் முதலை உண்டு, பிள்ளைகளை இறக்க வேண்டாம். குளிக்க ஆசைப்பட்டால் மூதூர்க் கடற்கரையில் அந்த ஊர் ஆட்களிடம் கேட்டு, அவர்கள் காட்டுகிற இடத்தில் இறங்கலாம். வருகிற திகதியை எழுதுங்கள், ஊரில் நின்றால் அந்த நினைவுக்கல்லடிக்கு நானே கூட்டிப்போகிறேன்.