ரேடாருக்கு ஏன் மைக்ரோவேவ்? சிற்றலை போதாதா?

மூன்றாம் செமஸ்டர்:
சிற்றலை வானொலி கண்டம் தாண்டிக் கேட்கிறது. மைக்ரோவேவ் பெரும்பாலும் அடிவானத்தோடு சரி. அப்புறம் ஏன் ரேடாரெல்லாம் கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது? பாடப்புத்தகம் 'அலைநீளம் குறைவு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது.

கடல்காக்கை:
தம்பி, கப்பலில் பிரிட்ஜ் வாட்ச் பார்ப்பவன் நான். எங்களுக்குத் தூரத்தைவிடத் திசைதான் முக்கியம். எக்ஸ் பேண்ட் ரேடார் 9.4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 3 செ.மீ. அலை குட்டையாக இருப்பதால் 6 அடி ஸ்கேனரிலேயே (சுற்றும் ஆண்டெனா) கற்றை ஒரு டிகிரி சொச்சத்துக்குள் அடங்கிவிடும். எஃப்எம் அலை 3 மீட்டர். அதில் இதே கூர்மை வேண்டுமென்றால் ஸ்கேனர் 180 மீட்டர் இருக்க வேண்டும். பல கப்பல்களே அவ்வளவு நீளம் கிடையாது, மாஸ்டில் எங்கே வைத்துச் சுற்றுவது? கற்றை அகலமானால் மலாக்கா நீரிணையில் பக்கம் பக்கமாக வரும் இரண்டு கப்பல் திரையில் ஒரே பொட்டாகிவிடும். அதை நம்பி எந்தப் பக்கம் திருப்புவது?

போர்க்காலத்தில் மீட்டர் கணக்கான நீண்ட அலையில் ஓடிய பிரிட்டனின் செயின் ஹோம் ரேடாருக்கு 360 அடிக் கோபுரங்கள் தேவைப்பட்டன. 1940-ல் பர்மிங்காமில் ராண்டல், பூட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் மைக்ரோவேவை உண்டாக்கும் காவிட்டி மாக்னெட்ரான் குழாயை இயக்கிக் காட்டினார்கள். 10 செ.மீ. அலையில் போதிய சக்தி கிடைத்ததும் கூர்மையான கற்றை உள்ள ரேடாரை விமானத்துக்குள்ளேயே ஏற்ற முடிந்தது.

மூன்றாம் செமஸ்டர்:
அப்படியானால் அலைநீளத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போகலாமே, அண்ணா?

கடல்காக்கை:
மழை விடாதே! ஒரே மழைத்துளி 10 செ.மீ. அலையைவிட 3 செ.மீ. அலையை 100 மடங்குக்கு மேல் சிதறடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் எக்ஸ் பேண்ட் திரையைப் பார்த்தால் மழை அப்பிக் கிடக்கும், நடுவில் மீன்பிடிப் படகு இருந்தாலும் தெரியாது. உடனே 3 கிகாஹெர்ட்ஸ், அதாவது 10 செ.மீ. அலையில் ஓடும் எஸ் பேண்டுக்கு மாறுவோம். அதன் ஸ்கேனர் 12 அடி, அப்படியும் கற்றை சற்று அகலம்தான். பெரிய கப்பலில் இரண்டும் இருப்பது இதனால்தான்.

டிஷ் மாமா:
தகவல் தொடர்புக்கு வேறு கணக்கு. சிற்றலை, வளிமண்டலத்தின் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிவிடும். மைக்ரோவேவ் துளைத்துக்கொண்டு செயற்கைக்கோளுக்குப் போகும். அலைவரிசையில் இடமும் தாராளம். சி பேண்ட் என்ற மைக்ரோவேவ் பகுதியில், செயற்கைக்கோளில் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு டிரான்ஸ்பாண்டரே வழக்கமாக 36 மெகாஹெர்ட்ஸ். சிற்றலை மொத்தத்தையும், அதாவது 3 முதல் 30 வரை, எடுத்தாலும் 27தான்.

கடல்காக்கை:
சிற்றலை ரேடாரும் உண்டு, தம்பி. ஆஸ்திரேலியாவின் ஜிண்டலீ அந்தத் திரும்பும் அலையை வைத்தே அடிவானத்துக்கு அப்பால் பார்க்கிறது. ஆண்டெனா வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீளும். கைவசம் பாலைவனம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.