புதுப்பிப்பு: மழையில் அணைந்துபோகும் பழைய கார்

ஆரியங்காவு மலைப்பாதையில் மழை வந்தாலே என் பழைய கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பழைய கால அமைப்பு) கார் அணைந்துபோவதையும், வெயில் வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆவதையும் எழுதியிருந்தேன். பெட்ரோலில் தண்ணீர், பெட்ரோல் பம்ப், பொறிக்கான கரண்டைத் தரும் காயில் என்று பலரும் பல காரணம் சொன்னீர்கள். கோளாறு கிடைத்துவிட்டது: டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அதாவது ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் பாகத்தின் மூடி.

பெட்ரோலில் தண்ணீர் என்றால் வெயிலிலும் திக்கியிருக்கும். நனைந்தால் மட்டும் தொல்லை என்பதால் கரண்ட் பக்கம் போனோம். செங்கோட்டை மெக்கானிக் அண்ணன் இருட்டிய பிறகு வரச் சொன்னார். இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரால் வயர்கள்மேல் லேசாகத் தண்ணீர் அடித்தார். மூடியிலும் ஒரு பிளக் வயரிலும் நீலப் பொறி ஓடியது, இன்ஜின் திக்கியது. (செய்து பார்ப்பவர்கள் எதையும் தொடாதீர்கள். 20,000 வோல்ட் சமாச்சாரம்.)

மூடியைக் கழற்றினால் உள்ளே மயிரிழை விரிசல், அதன்மேல் கரிக்கோடு. கரி கரண்டைக் கடத்தும். ஈரமும் சேர்ந்தால் பிளக்குக்குப் போக வேண்டிய பொறி குறுக்கே இறங்கிவிடும். இன்ஜின் சூட்டில் காய்ந்ததும் பழையபடி ஓடும். அந்தக் கரிக்கோட்டைச் சுரண்டிவிட்டு ஓட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். அது ஊர் போய்ச் சேர மட்டும்தான் உதவும்.

மூடி, அதற்குள் சுழலும் ரோட்டர், பிளக் வயர்கள் எல்லாம் புதிது. அப்புறம், இன்ஜினுக்கு அடியில் சேறு தடுக்கும் தகடும் இல்லை, முன்பு வேலை பார்த்த யாரோ கழற்றி மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். அதையும் போட்டாயிற்று. நேற்று புளியரையிலிருந்து தென்மலை வரை நல்ல மழை, எங்கும் நிற்கவில்லை. வைப்பர் மட்டும் கீச்சிடுகிறது.