துவைச்ச துணி டயப்பர்ல திரும்பத் திரும்ப மூத்திர நெடி: எங்க தப்பு?

நிலாக்குட்டி_அம்மா (கேள்வி):

பாப்பாவுக்கு எட்டு மாசம். பகல், ராத்திரி ரெண்டுக்கும் பாக்கெட் டைப் துணி டயப்பர்தான். கொடியில இருந்து எடுக்கும்போது ஒரு வாடையும் இல்லை. போட்டுவிட்டு ஒரு தடவை ஒண்ணுக்குப் போனதுமே கவிச்சி அடிக்குது. காலையில கழட்டினா கண்ணு எரியற அளவுக்கு நெடி. தொடை இடுக்குல லேசா சிவந்தும் இருக்கு.

விவரம்: இன்செர்ட் (கவருக்குள்ள சொருகற உறிஞ்சு துணி) பாதி மைக்ரோஃபைபர், பாதி பேம்பூ காட்டன். 7 கிலோ ஃப்ரண்ட் லோட் மெஷின், 'பேபி கேர்' 40 டிகிரி. பேபி லாண்டரி லிக்விட் ஒரு மூடி, கூட ஃபேப்ரிக் கண்டிஷனர். அத்தை தன் திருப்திக்கு கடைசி அலசல்ல கொஞ்சம் டெட்டால் விடுவாங்க. ஊர் கோயமுத்தூர். துவைக்கிறது அபார்ட்மெண்ட் போர் தண்ணி, டிடிஎஸ் 1,350 காட்டுது. நல்ல தண்ணி தனிக் குழாய்ல வருது, ஆனா அளவாத்தான். அழுக்கு டயப்பரை மூடி போட்ட பக்கெட்ல தண்ணி ஊத்தி ஊறவெச்சு, ரெண்டு நாளைக்கு ஒருதரம் மெஷின்ல போடறோம்.

வினிகர்ல ஒரு ராத்திரி ஊறவெச்சேன். ரெண்டு வாஷுக்கு நல்லாயிருந்துச்சு, அப்புறம் பழையபடிதான். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கறதா, இல்ல சரி பண்ண வழி இருக்கா?

துணிக்கொடி:

தூக்கிப் போட வேண்டாம். நீங்க சொன்னதுலயே பதில் பாதி இருக்கு.

புதுசாப் போன ஒண்ணுக்குல பெருசா வாடை கிடையாது. அதுல இருக்கிற யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போதுதான் அம்மோனியா வரும். சுத்தமான துணியில அதுக்குப் பல மணி நேரம் ஆகணும். உங்களுக்கு ஒரு தடவை நனைஞ்ச உடனே அடிக்குதுன்னா, பாக்டீரியாவும் பழைய கசடும் ஏற்கெனவே இன்செர்ட்டுக்குள்ள குடியிருக்குன்னு அர்த்தம். காய்ஞ்சிருக்கும்போது தெரியாது, ஈரமும் உடம்புச் சூடும் சேர்ந்ததும் எழும்பும். வினிகர் அந்தக் கசடைக் கொஞ்சம் கரைச்சது, அதான் ரெண்டு வாஷ் தாங்குச்சு. சேருற காரணம் அப்படியே இருக்கறதால திரும்பிடுச்சு.

முதல்ல ஒரு சோதனை. துவைச்சுக் காய்ஞ்ச இன்செர்ட் ஒண்ணை வெள்ளை பேசின்ல போட்டு, கை பொறுக்காத சூட்டுல நல்ல தண்ணி ஊத்துங்க. அரை மணி நேரம் கழிச்சுப் பிழிஞ்சு பாருங்க. தண்ணி பால் மாதிரி கலங்கினா உப்பும் சோப்புக் கசடும். வழவழன்னு நுரைச்சா அலசல் போதலை. மோந்தா நெடி ஏறினா துவைப்பே போதலை. மூணும் ஒண்ணா வர்றதும் உண்டு. மேல் கவரையும் இதே மாதிரி தனியா மோந்து பாருங்க. பெரும்பாலும் கவர் நிரபராதி, இன்செர்ட்தான் குற்றவாளி.

இப்பவே நிறுத்த வேண்டியது மூணு. கண்டிஷனர்: நூல் மேல வழுவழுப்பா ஒரு படலம் போடும், தண்ணி உறிஞ்சறது குறையும், சோப்பும் உள்ள போகாது. டெட்டால்: அந்த வாசனை நெடியை மூடி மறைக்குமே தவிர கசடை எடுக்காது, துணியில தங்கினா பிஞ்சுத் தோலுக்கு எரிச்சல் வேற. மூணாவது, மூடின பக்கெட்ல ஊறவைக்கிறது. கோயமுத்தூர் வெயிலுக்கு ரெண்டு நாள் மூத்திரத் தண்ணியில கிடந்தா பாக்டீரியாவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தவழற குழந்தை இருக்கிற வீட்டுல தண்ணி நிறைஞ்ச பக்கெட் ஆபத்தும்கூட. ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கூடையில காத்தாடப் போட்டு வைங்க.

மழைமேகம்:

கெமிக்கல் எதுவும் வேண்டாம். ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்த்து ஊறவைங்க, பொங்கி வரும்போது அழுக்கெல்லாம் வந்துடும். இல்லேன்னா பூந்திக்கொட்டை கொதிக்கவெச்ச தண்ணி போதும்.

துணிக்கொடி:

ரெண்டும் இதுக்கு உதவாது. சோடாவும் வினிகரும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், பொங்கறது வெறும் கார்பன் டை ஆக்சைடு. மிஞ்சறது கிட்டத்தட்ட உப்புத் தண்ணி. பூந்திக்கொட்டை பட்டுப் புடவைக்கு, கம்பளிக்கு அருமை. எட்டு மணி நேரம் மூத்திரத்துல ஊறின நாலடுக்கு மைக்ரோஃபைபருக்கு அதோட சக்தி பத்தாது, அதுவும் உப்புத் தண்ணியில.

போர்_தண்ணி_ஆளு:

தண்ணி பக்கம் நான் சொல்றேன். டிடிஎஸ் மீட்டர் காட்டறது கரைஞ்சிருக்கிற எல்லா உப்பையும். சோப்பைக் கெடுக்கறது அதுல கால்சியமும் மக்னீசியமும் மட்டும்தான், அதுதான் கடினத்தன்மை. சொட்டு விட்டு நிறம் மாறற கடினத்தன்மை டெஸ்ட் கிட் தனியா கிடைக்கும், அதுல பாருங்க. ஒரு அளவுக்குச் சொன்னா, குடிநீருக்கான இந்தியத் தரத்துல லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேற வழியே இல்லேன்னா 600 வரைக்கும். போர் தண்ணி 600-ஐ சாதாரணமாத் தொடும்.

600-னு வெச்சுக்குங்க. ஃப்ரண்ட் லோட் மெயின் வாஷ்ல சுமாரா 15-20 லிட்டர் எடுக்கும். 20 லிட்டர்ல 12 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான உப்பு இருக்கு. நீங்க ஊத்தற ஒரு மூடி லிக்விட்ல பெரும்பங்கை அதுவே தின்னுடும். துணிக்குன்னு மிஞ்சறது சொற்பம்.

எல்லாரும் வாஷிங் சோடா போடச் சொல்லுவாங்க. லேசான உப்புன்னா சரி. இவ்வளவு கடினத்துக்கு அது கால்சியத்தைச் சுண்ணாம்பாவே கீழ இறக்கும். அந்த மாவு இன்செர்ட் அடுக்குக்குள்ள சிக்கி, துணி அட்டை மாதிரி விறைக்கும். இறக்கிவிடாம கரைசல்லயே பிடிச்சு வைக்கிற பொருள் வேணும். சோடியம் சிட்ரேட் அதைச் செய்யும். வீட்டுலயே பண்ணலாம்: 20 லிட்டருக்கு சிட்ரிக் ஆசிட் 25 கிராம், சமையல் சோடா 30 கிராம். பெரிய பாத்திரத்துல அரை லிட்டர் வெந்நீர், அதுல ஆசிட்டைக் கரைச்சு, சோடாவை ஒவ்வொரு ஸ்பூனாப் போடுங்க. மொத்தமாக் கொட்டினா பொங்கி மேடையெல்லாம் வழியும். பொங்கறது அடங்கினதும் தயார். கடினத்தன்மை 300 வந்தா ரெண்டையும் பாதியாக்குங்க.

இன்னொண்ணு, ஆர்ஓ மெஷின்ல கழிவாப் போற தண்ணியைப் பிடிச்சு டயப்பர் அலசறவங்க இருக்காங்க. வேண்டாம். போர் தண்ணியை விட அதுல உப்பு ஜாஸ்தி.

மழைமேகம்:

சோடாவும் வினிகரும் வேஸ்ட்டுன்னீங்க. இப்போ சோடாவும் சிட்ரிக் ஆசிட்டும் நல்லதுங்கிறீங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

போர்_தண்ணி_ஆளு:

நியாயமான கேள்வி. ரெண்டுலயும் பொங்கறது ஒண்ணுதான், மிஞ்சற உப்புதான் வேற. வினிகர்ல மிஞ்சறது அசிடேட், அதால கால்சியத்தைப் பிடிச்சு வைக்க முடியாது. சிட்ரேட்டுக்கு அந்தப் பிடி உண்டு. நமக்கு வேண்டியது அந்த உப்பு, பொங்கல் இல்லை.

துணிக்கொடி:

இப்போ ஒரே தடவை செய்ய வேண்டிய கசடு எடுப்பு. இன்செர்ட்டுக்கு மட்டும். துவைச்ச துணியில செய்யணும், மூத்திரத்தோட இருக்கிறதுல இல்லை.

15 லிட்டர் பக்கெட், 60 டிகிரி வெந்நீர். தெர்மாமீட்டர் இல்லேன்னா, கொதிக்கிற தண்ணி பாதிக்குக் கொஞ்சம் குறைவா, மீதி குழாய்த் தண்ணி. முடிஞ்சா நல்ல தண்ணி. சிட்ரிக் ஆசிட் ரெண்டு டேபிள்ஸ்பூன் கரைச்சு, பத்துப் பன்னெண்டு இன்செர்ட்டைப் போட்டு ஒரு மணி நேரம். இது பழைய சுண்ணாம்பை இளக்கும். தண்ணியைக் கொட்டிட்டு ரெண்டு தடவை அலசுங்க.

அடுத்து அதே சூட்டுல புதுத் தண்ணி, மேல சொன்ன சிட்ரேட் கரைசல், சாதாரண மேட்டிக் பவுடர் (வாஷிங் மெஷினுக்கான சோப்புத் தூள்) ரெண்டு டேபிள்ஸ்பூன். தண்ணி ஆறற வரைக்கும், நாலஞ்சு மணி நேரம். நடுநடுவுல கட்டையால அமுக்கி விடுங்க. தண்ணி டீ கலர்ல வரும், பயப்படாதீங்க. அப்புறம் மெஷின்ல சோப்பு போடாம 60 டிகிரில ஓட்டி, நுரை நிக்கிற வரைக்கும் அலச விடுங்க.

கவரை இந்த வெந்நீர்ல போடாதீங்க. அதுல தண்ணி கசியாம இருக்க ஒட்டியிருக்கிற பியுஎல் லேமினேஷன் உரியும், எலாஸ்டிக் தளரும். கவருக்கு 40 டிகிரி போதும். இன்செர்ட்டை அடுப்புல வெச்சுக் கொதிக்க விடறதும் வேண்டாம், மைக்ரோஃபைபர் பாழாயிடும்.

இதுக்கு மேலயும் நெடி மிஞ்சினா மட்டும் ப்ளீச். கடையில கிடைக்கிற திரவ ப்ளீச் பெரும்பாலும் 4 சதவீதம் அளவுல இருக்கும். 15 லிட்டர் பச்சைத் தண்ணியில 60 மில்லி, வெள்ளை இன்செர்ட் மட்டும், அரை மணி நேரம். தேதி பாருங்க, பழசான ப்ளீச்சுக்கு வீரியம் இருக்காது. முடிஞ்சதும் அலசி, சோப்பு போட்டு ஒரு முழு வாஷ், க்ளோரின் வாசனை போற வரைக்கும்.

வனஜா_கிச்சன்:

ப்ளீச் பத்தி அழுத்திச் சொல்லணும். வினிகர், சிட்ரிக் ஆசிட் இருக்கிற தண்ணியில ப்ளீச் விட்டா க்ளோரின் வாயு வரும். மூத்திரத்தோட இருக்கிற டயப்பர்ல விட்டா அம்மோனியாவோட சேர்ந்து க்ளோரமின். ரெண்டும் நுரையீரலைத் தாக்கும். பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு இந்த வேலை செய்யவே கூடாது.

துணிக்கொடி:

ஆமா. அதனாலதான் ஆசிட், சோப்பு, கடைசியில ப்ளீச், நடுவுல முழு அலசல்னு அந்த வரிசை.

இனி தினசரி. ராத்திரி டயப்பரைக் காலையில கழட்டின கையோட குழாய்ல காட்டிப் பிழிஞ்சு கூடையில போடுங்க. இந்த ஒரு நிமிஷ வேலை நெடியைப் பெருமளவு குறைக்கும். மலம்னா பச்சைத் தண்ணியில தேய்ங்க, வெந்நீர்ல கறை பிடிச்சுக்கும்.

இன்செர்ட் வாஷ் ரெண்டு கட்டமா நடக்கணும். முதல்ல குயிக் வாஷ், பாதி அளவு பவுடர். இது மூத்திரத்தை வெளியேத்தறதுக்கு. அந்தத் தண்ணி போன பிறகு 'காட்டன்' 60 டிகிரி, பவுடர் பாக்கெட்ல அதிக அழுக்குக்குன்னு போட்டிருக்கிற முழு அளவு, சிட்ரேட் கரைசல் நேரா டிரம்முல. 'ப்ரீ வாஷ்' பட்டனை அழுத்திட்டு சிட்ரேட்டை முதல்லயே டிரம்முல ஊத்தினா முதல் தண்ணியோட போயிடும், அதான் தனித்தனியா ஓட்டச் சொல்றேன். 'பேபி கேர்' பேருக்குத்தான் பேபி. உங்க மெஷின்ல அது 40 டிகிரின்னா இதுக்கு ஆகாது.

டிரம் முக்காப் பங்கு நிறையணும். கொஞ்சமாப் போட்டா துணி ஒண்ணோடொண்ணு உரசாது, திணிச்சா தண்ணி ஊடுருவாது. ஃப்ரண்ட் லோட் எடையைப் பார்த்துத்தான் தண்ணி எடுக்கும். சொட்டச் சொட்ட நனைச்ச டவல் ஒண்ணை உள்ள போட்டா கூடுதலா இழுக்கும். கடைசியில எக்ஸ்ட்ரா ரின்ஸ். நல்ல தண்ணி மிச்சமிருந்தா கடைசி அலசலை ஒரு பக்கெட் அதுல வெச்சுக்குங்க, துணி மெத்துன்னு இருக்கும்.

எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டறதும் கவனிங்க. தேங்காய் எண்ணெய், ஜிங்க் க்ரீம் ரெண்டும் இன்செர்ட்ல ஏறினா தண்ணி உருண்டு ஓடும். குளிப்பாட்டின பிறகு இடுப்புப் பக்கம் துடைச்சிட்டுக் கட்டுங்க. க்ரீம் போட்டா நடுவுல பழைய வேட்டித் துணி ஒரு துண்டு.

நிலாக்குட்டி_அம்மா:

நன்றி எல்லாருக்கும். கடினத்தன்மை 580 வந்துச்சு. பேசின் சோதனையில தண்ணி நல்லாவே கலங்குச்சு, நுரை இல்லை. ஊறவெச்சு எடுத்தாச்சு, ப்ளீச் போடலை. பேம்பூ சுத்தமா சரியாயிடுச்சு. மைக்ரோஃபைபர் பகல்ல பரவாயில்லை, ராத்திரி மட்டும் இன்னும் லேசா நெடி. சிவப்பு குறையுது. அத்தை டெட்டாலை விட மனசில்லாம விட்டிருக்காங்க.

துணிக்கொடி:

ராத்திரி முழுக்கக் கட்டினதுல காலையில லேசா நெடி இருக்கத்தான் செய்யும். கண்ணு எரியக் கூடாது, தோல் சிவக்கக் கூடாது, அதுதான் அளவுகோல். மைக்ரோஃபைபர் இழை ரொம்ப நைசானது, இடுக்கு இடுக்கா கசடைப் பிடிச்சு வைக்கும். அதைப் பகலுக்கு ஒதுக்கிட்டு ராத்திரிக்கு பேம்பூ ரெண்டா வைங்க. மைக்ரோஃபைபருக்கு மட்டும் ஒரு தடவை ப்ளீச் போட்டுப் பாருங்க. அதுக்கப்புறமும் முதல் நனைப்புலயே அடிச்சா, மிதியடிக்கு வெச்சுக்குங்க.

வனஜா_கிச்சன்:

சிவப்பு கொப்புளமானாலோ, தோல் உரிஞ்சாலோ டாக்டர்கிட்ட காட்டுங்க. துணி நல்லா இருக்கும்போதே ஒண்ணுக்கு திடீர்னு கெட்ட வாடை, கூட காய்ச்சல், போகும்போது அழுகைன்னா அது டயப்பர் பிரச்சினை இல்லை, யூரின் இன்ஃபெக்ஷனா இருக்கலாம். அன்னைக்கே காட்டணும்.

நிலாக்குட்டி_அம்மா:

சரிங்க. மழை வந்தா காயறதுக்கு ஒண்ணரை நாள் ஆகுது, அப்போ முடை நாத்தம் வருதே, அதுக்கும் இதேதானா?

துணிக்கொடி:

அது வேற, ஈரத்துல வர்றது. கசடு எடுக்க வேண்டாம். இன்செர்ட்டை கவருக்குள்ள வெச்சபடி காயப் போடாதீங்க. மெஷின்ல ஸ்பின்னை 1,000-க்கு மேல வெச்சு இன்னொரு தடவை சுத்த விடுங்க, ஃபேன் அடியில ரெண்டு விரக்கடை இடைவெளி விட்டுத் தொங்கப் போடுங்க. கவர் எலாஸ்டிக்கைப் பிடிச்சுத் தொங்கவிடாம நீளவாக்குல மடிச்சு கொடியில போடுங்க. மெஷின் கதவு ரப்பர் மடிப்புல விரலை விட்டுப் பாருங்க, கறுப்பா வழுவழுப்பு ஒட்டினா நாத்தத்துக்கு அதுவும் காரணம். துடைச்சிட்டு, துணி இல்லாம டிரம் க்ளீன் ஒரு தடவை ஓட்டுங்க.