இரண்டு லைன், ஒரு ஃபயர்வால்: திருகோணமலையில் பட்ட அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து:

நிலாவெளிப் பக்க விடுதிகளுக்கு நெட்வொர்க் வேலை செய்துகொடுக்கிறேன். மே முதல் செப்டம்பர் வரை இங்கே சீசன். அந்த மாதங்களில் இன்டர்நெட் நின்றால் முன்பதிவும் நிற்கும், கார்ட் மெஷினும் நிற்கும். அதனால் இப்போது பலர் ஃபைபரோடு ஒரு 4ஜி ரவுட்டரும் வாங்கி வைக்கிறார்கள். "இரண்டு லைனுக்கும் காசு கட்டுகிறோம், ஒன்று போனால் எல்லாமே போகுதே தம்பி" என்பதுதான் எனக்கு அடிக்கடி வரும் முறைப்பாடு.

போன சீசனில் ஒரு விடுதியில் பார்த்தது இது. தென்னோலை விழுந்து வெளியே கேபிள் அறுந்திருந்தது, ஃபைபர் பெட்டியில் சிவப்பு லைட் மின்னிக்கொண்டிருந்தது. ஆனால் பிஎஃப்சென்ஸ் (உள் நெட்வொர்க்குக்கும் இரண்டு லைனுக்கும் நடுவே நிற்கும் ஃபயர்வால்) திரையில் இரண்டு கேட்வேயும், அதாவது ஒவ்வொரு லைனின் வெளிவாசலும், பச்சை. தோண்டிப் பார்த்தால், லைன் உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஃபயர்வால் பிங் பண்ணிக்கொண்டிருந்தது (சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) 192.168.1.1 என்ற முகவரியை, அதாவது அதே மேசையில் இருக்கும் ஃபைபர் ரவுட்டரை. கேபிள் எங்கே அறுந்தாலும் அந்த ரவுட்டர் பதில் சொல்லத்தான் செய்யும். அப்புறம் எப்படி 4ஜிக்கு மாறும்?

கண்காணிக்கும் முகவரி வெளியே, தூரத்தில் இருக்க வேண்டும். ஃபைபருக்கு 1.1.1.1, 4ஜிக்கு 8.8.8.8 என்று கொடுத்தேன். இரண்டுக்கும் ஒரே முகவரியைக் கொடுக்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு கண்காணிப்பு முகவரிக்கும் அந்தந்த லைன் வழியாகவே போகும்படி ஃபயர்வால் தனிப் பாதை எழுதிக்கொள்கிறது. பிறகு கேட்வே குரூப் ஒன்றில் ஃபைபரை டியர் 1 (முதலில் இது), 4ஜியை டியர் 2 (அது போனால் இது) என்று போட்டு, உள் நெட்வொர்க்குக்கான லேன் ரூலில் அந்தக் குரூப்பைத் தெரிவு செய்தேன்.

இதோடு முடியவில்லை. சோதித்துப் பார்க்க ஃபைபரைக் கழற்றினேன். லேப்டாப்பிலிருந்து 8.8.8.8 பிங் போகிறது, ஆனால் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை. லேன் ரூல் என்பது உள்ளேயிருந்து வரும் கணினிகளுக்குத்தான். ஃபயர்வால் தானே கேட்கும் டிஎன்எஸ் கேள்விகள் (வெப்சைட் பெயருக்கு முகவரி என்ன என்று கேட்பது) அதன் டிஃபோல்ட் கேட்வே வழியாகத்தான் போகும், அது இன்னும் செத்த ஃபைபரைக் காட்டிக்கொண்டிருந்தது. டிஃபோல்ட் கேட்வேயையும் அதே குரூப்புக்கு மாற்றிய பிறகுதான் சரி வந்தது. இந்த இடத்தைப் பலர் கவனிப்பதில்லை, தயவுசெய்து பாருங்கள்.

இன்னொன்று. 20 சதவீத பாக்கெட் இழப்பு, அல்லது 500 மில்லிசெகண்ட் தாமதம் வந்தால் லைன் போய்விட்டது என்று பிஎஃப்சென்ஸ் எடுத்துக்கொள்ளும். மாலையில் டவரில் கூட்டம் ஏறும்போது 4ஜி அந்தத் தாமதத்தைத் தாண்டிவிடும். 4ஜி கேட்வேக்கு மட்டும் அந்த எல்லையைக் கூட்டி வையுங்கள்.

கிண்ணியாவிலிருந்து:

தம்பி, எங்களது ஒன்லைன் விண்ணப்பம், பில் கட்டுவது எல்லாம் செய்துகொடுக்கும் கடை. என்னிடம் மைக்ரோடிக் ரவுட்டர். இரண்டு லைனையும் சேர்த்து லோட் பலன்ஸ் (இணைப்புகளை இரண்டு லைனுக்கும் பிரித்து அனுப்புவது) போட்டுத் தந்திருந்தார்கள். வேகம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வங்கித் தளத்துக்குள் போனால், ஒரு பக்கம் திறந்து அடுத்ததை அழுத்தும்போது வெளியே தள்ளிவிடும். வாடிக்கையாளர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார், அவருடைய காசு என்ன ஆனதோ என்று முகம் வாடிவிடும்.

இணைப்புகளைப் பிரிக்கும்போது முகவரியோடு போர்ட் எண்ணையும் (இணைப்புக்கு இணைப்பு மாறும் எண்) சேர்த்துக் கணக்குப் பார்க்கும்படி அது இருந்தது. ஒரே கணினியிலிருந்து போகும் இணைப்புகள் ஆளுக்கொரு லைனில் போயின. வங்கிக்கு ஒரே ஆள் இரண்டு ஊரிலிருந்து வருவதுபோல் தெரிந்திருக்கிறது. கணினியின் முகவரியை மட்டும் பார்த்துப் பிரிக்கும்படி மாற்றியதும் தொல்லை தீர்ந்தது. இப்போது ஒவ்வொரு கணினியும் ஒரே லைனிலேயே நிற்கிறது.

அப்புறம், இரண்டு லைனைச் சேர்த்தால் ஒரு ஃபைல் இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கும் என்று நினைக்க வேண்டாம். ஓர் இணைப்பு ஒரு லைனில்தான் போகும். பல பேர் ஒரே நேரத்தில் பாவிக்கும்போதுதான் லாபம்.

மூதூரிலிருந்து:

அண்ணா, எங்கள் டியூஷன் நிலையத்தில் உங்களுடைய மாதிரியே பிஎஃப்சென்ஸ், ஃபைபர், 4ஜி. ஃபைபர் போனால் சரியாக மாறுகிறது. ஆனால் சிம் டேட்டா ஒரே நாளில் தீர்ந்துவிடுகிறது. பார்த்தால் கேமராக்கள் வீடியோவை மேலே ஏற்றிக்கொண்டிருக்கின்றன. கேமராக்களுக்குத் தனி ரூல் போட்டு ஃபைபர் கேட்வேயை மட்டும் கொடுத்துப் பார்த்தேன், அப்படியும் 4ஜியில் போகிறதே?

உப்புவெளியிலிருந்து:

தம்பி, இது பலரைச் சுற்றவைக்கும் இடம். ரூலில் குறிப்பிட்ட கேட்வே செத்துவிட்டால், பிஎஃப்சென்ஸ் அந்த ரூலை நீக்குவதில்லை. கேட்வேயை மட்டும் கழற்றிவிட்டு ரூலை வைத்துக்கொள்ளும். பிறகு அந்தப் போக்குவரத்து டிஃபோல்ட் கேட்வே வழியாகப் போகும், உங்களுக்கு அது அந்நேரம் 4ஜி.

சிஸ்டம், அட்வான்ஸ்ட், மிஸலேனியஸ் பக்கத்தில் "ஸ்கிப் ரூல்ஸ் வென் கேட்வே இஸ் டவுன்" என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் டிக் போடுங்கள். அது மட்டும் போதாது. கேமரா ரூல் காணாமல் போனால், கீழே இருக்கும் எல்லாருக்குமான அனுமதி ரூல் அவற்றைப் பிடித்து 4ஜிக்கு அனுப்பிவிடும். அதனால் கேமரா ரூலுக்கு நேர் கீழே, கேமராக்களைத் தடுக்கும் ரூல் ஒன்று வையுங்கள். மேலிருந்து கீழாக முதலில் பொருந்துவதுதான் செல்லும்.

ஃபைபர் திரும்பி வந்த பிறகும் பாருங்கள். 4ஜியில் ஏற்கனவே திறந்த இணைப்பு, அது முடியும் வரை 4ஜியிலேயே ஓடும். ஜூம் வகுப்பு முழுக்க டேட்டா போகும். வகுப்பு முடிந்ததும் டயக்னொஸ்டிக்ஸில் ஸ்டேட்ஸ் (திறந்திருக்கும் இணைப்புகளின் பட்டியல்) பக்கம் போய் 4ஜியில் மீதமுள்ளவற்றைக் கொன்றுவிடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து:

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். என்னுடைய இரண்டு லைனும் முன்பு ஒரே நிறுவனத்தினுடையவை. கரண்ட் நீண்ட நேரம் போனால் டவர் பட்டரி இறங்கி 4ஜியும் போகும், ஃபைபரும் போகும். வேறு நிறுவனத்தின் சிம்முக்கு மாறிய பிறகு இரண்டும் ஒன்றாகப் போவது குறைந்திருக்கிறது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்த பிறகு மச்சான் ஒருவர் அதை இரண்டாவது லைனாக வைத்திருக்கிறார். அதில் 100.64 என்று தொடங்கும் முகவரிதான் கிடைக்கிறது, வெளியிலிருந்து கேமராவைத் திறக்க முடியவில்லை என்கிறார்.

உப்புவெளியிலிருந்து:

ஓம் நானா, அது வெளியிலிருந்து எட்ட முடியாத உள்முகவரி, வெளியே தெரியும் முகவரியைப் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள், அதனால் ரவுட்டரில் போர்ட் திறந்து பிரயோசனம் இல்லை. உள்ளேயிருந்து வெளியே போய் இணையும் வயர்கார்ட் விபிஎன் (இரண்டு இடங்களை இணைக்கும் பாதுகாப்பான தனிப் பாதை) ஒன்றை, நிரந்தர முகவரி உள்ள ஓரிடத்தோடு போடச் சொல்லுங்கள்.