16 அடிமைகளைப் படைக்குக் கொடுத்தவர் தேசபக்தரா?

தெற்கத்தியான்:
அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் ரஃபேல் வர்காஸ் என்று ஒரு செல்வந்தர். தன்னிடம் அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவரில் 16 பேரை புவனஸ் அயர்ஸுக்கு அனுப்பி வாத்தியம் பழக்கி வைத்திருந்தார். 1816-இல் சிலியை ஸ்பெயினிடமிருந்து விடுவிக்கத் தளபதி சான் மார்ட்டின் ஆண்டிஸ் மலையைத் தாண்டப்போகும் படையைத் திரட்டியபோது, அந்தக் குழுவை வாத்தியம், சீருடையோடு அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். பெரிய மனசுதான். இவரைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

கயல்:
எது பெரிய மனசு? கிளாரினெட், சட்டை, ஆள், எல்லாம் ஒரே தானக் கணக்கில் வருகிறது. நீங்கள் வருகிறீர்களா என்று அந்த 16 பேரிடம் யாராவது கேட்டார்களா? இன்னொன்று, மெண்டோசா இருந்த குயோ மாகாணத்து அடிமைகளில் மூன்றில் இரண்டு பங்கைப் படைக்கு எடுப்பது என்று முடிவானதும் அதே 1816-இல்தான். எப்படியும் போகப்போவதைத் தானே கொடுத்துப் பேர் வாங்கிக்கொண்டாரோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தெற்கத்தியான்:
சந்தேகத்தை வைத்து வழக்கு நடத்தாதீர்கள். வர்காஸ் வீட்டிலேயே இருந்திருந்தால் அவர்கள் கதி என்ன? 1813-இல் வந்த விடுதலைச் சட்டம் அதற்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்குத்தான், ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்கள் 1853 அரசியல் சாசனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படையில் சேர்ந்தால் சீக்கிரம் விடுதலை.

கயல்:
உயிரோடு திரும்பினால். 7, 8-ஆம் பட்டாளங்களில் பெரும்பாலும் அப்படி எடுக்கப்பட்டவர்கள்தான், அதுவும் காலாட்படையில். 1817 ஜனவரியில் மலையேறி, பிப்ரவரி 12-இல் சிலியின் சகாபூகோவில் ஸ்பானியப் படையோடு சண்டை. மறுத்துவிட்டு வீட்டோடு இருக்கும் உரிமையே இல்லாதவனுக்கு இதை வாய்ப்பு என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

சுருதிப்பெட்டி:
இரண்டு பேரும் இசையை விட்டுவிட்டீர்கள். சிலி நாட்டு இசைக்கலைஞர் ஹோசே சாபியோலா அப்போது சின்னப் பையன். படையோடு வந்த இரண்டு பாண்டுகளில் 8-ஆம் பட்டாளத்துடையதுதான் சிறந்தது, அதில் இருந்த எல்லோரும் கறுப்பினத்தவர், துருக்கிய பாணியில் உடுத்தியிருந்தார்கள் என்று தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். வெற்றிக்குப் பிறகு ஓ'ஹிக்கின்ஸ் சிலியின் ஆட்சித் தலைவரான அறிவிப்பின்போது அவர்கள் வாசித்ததைக் கேட்டு, சொர்க்கத்தில் இருப்பதுபோல் இருக்கிறது என்று தலைநகர் சாந்தியாகோ ஜனங்கள் பேசிக்கொண்டார்களாம். யார் அனுப்பினால் என்ன, வாசித்தது அவர்கள். அந்த வித்தை அவர்களுடையது.

கயல்:
வித்தையை யார் மறுத்தது? ஆனால் அந்தத் துருக்கி வேஷத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். கறுப்பினத்தவருக்குத் தலைப்பாகை கட்டி டமாரம் அடிக்க விடுவது ஐரோப்பியப் படைகளின் பழைய மோஸ்தர், வேடிக்கைக்கு. வாசிப்பில் மயங்கின ஊர்தான் அவர்களைக் காட்சிப்பொருளாகவும் பார்த்தது.

தெற்கத்தியான்:
அப்படியே இருக்கட்டும். அதே சிலி 1823-இல் அடிமைமுறையை ஒழித்தது, அர்ஜென்டினாவுக்கும் பெருவுக்கும் முன்னாலேயே. இந்தப் படை மலை தாண்டாமல் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா?

கயல்:
படைக்கு அந்தப் பெருமை உண்டு, சரி. வர்காஸுக்கு அதில் என்ன பங்கு என்றுதான் முதலிலிருந்து கேட்கிறேன்.